அறுநூறு பிள்ளைகள், நூறு ஹீட்ஸ்

பள்ளி விளையாட்டு விழா அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். தலைமை யார், முன்னிலை யார், கொடியேற்றுபவர் யார், பரிசு வழங்கிச் சிறப்புரை ஆற்றுபவர் யார் என்று பக்கம் நிறையப் பெயர்கள் இருக்கும். எந்த வகுப்புக்கு எந்தப் போட்டி, எத்தனை மணிக்கு எந்த ஓட்டம், மொத்தம் எத்தனை பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. விழாவும் அப்படித்தான் நடக்கிறது. வரவேற்பு, அணிவகுப்பு, ஜோதி, பொன்னாடை, உரைகள் எல்லாம் முடிந்து, வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு 100 மீட்டர் ஓட்டம் தொடங்குகிறது. ஆறு பேர் ஓடுகிறார்கள். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள்.

அந்த ஆறு பேர் யார் என்பது பள்ளிக்கே தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து அவர்கள்தான் ஓடுகிறார்கள். ஒருமுறைகூடக் கோட்டில் நிற்காமல், ஒருமுறைகூடத் தன் பெயரை மைக்கில் கேட்காமல் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போகும் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

விழாவுக்கு உதவி கேட்டால் ஊரில் ஆள் இல்லாமல் போவதில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் வருகிறார்கள், முன்னாள் மாணவர்கள் வருகிறார்கள், கடைக்காரர்கள் நன்கொடை தருகிறார்கள். பந்தல் ஒருவர், மைக் செட் ஒருவர், கேடயம் ஒருவர், விருந்தினருக்குச் சிற்றுண்டி ஒருவர் என்று பொறுப்பேற்கிறார்கள். நல்ல மனதோடு செய்கிற உதவிதான். ஆனால் அது முழுவதும் மேடைப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மைதானத்தின் நடுவில் சுண்ணாம்பு வாளியும் விசிலுமாக நிற்பவர் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். தனி ஆளாக அவரால் ஆறு பேரை ஓடவைக்க முடியும். இருபது பேர் அவரோடு மைதானத்தில் இறங்கினால் பள்ளி முழுவதையும் ஓடவைக்க முடியும். விழாவுக்குக் கைகொடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

முடியுமா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். 600 பிள்ளைகள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு ஆறு பேர் வீதம் எல்லோரும் ஓட வேண்டுமானால் 100 ஹீட்ஸ். பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி, ஓடவிட்டு, முடிவை எழுதி முடிக்க ஒரு ஹீட்டுக்கு 3 நிமிடம் என்றால் மொத்தம் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். ஒரே நாளில் நடத்தினால் யாருக்கும் தாங்காது. வகுப்புவாரியாகப் பிரித்தால் விஷயம் மாறிவிடுகிறது. 40 பேர் உள்ள வகுப்புக்கு ஏழு ஹீட்ஸ், 21 நிமிடம். ஒரு பி.டி. பீரியடுக்குள் அடங்கிவிடும். 15 வகுப்புகளுக்கு 15 பீரியட். விழாவுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தகுதிச் சுற்று முழுவதையும் முடித்துவிட்டு, விழா நாளுக்கு இறுதிப் போட்டிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் போன்றவற்றையும் அந்த வாரங்களிலேயே முடித்துவிடலாம்.

இதற்கு முதல் நிபந்தனை, பி.டி. பீரியட் என்று ஒன்று உண்மையில் நடக்க வேண்டும். கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்தப் பீரியடைக் கடன் கேட்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் பொதுவில் சொல்ல வேண்டிய அளவுக்கு அது ஊரறிந்த வழக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம். ஆண்டுக்கு ஒருநாள் விழா இதைச் சரிசெய்துவிடாது. ஆனால் அந்த ஒருநாளை முன்னிட்டு மூன்று வாரம் பள்ளி முழுவதும் மைதானத்துக்கு வந்தால் பழக்கம் தொடங்க ஒரு வழி பிறக்கும்.

உடற்கல்வி ஆசிரியர் தனியாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அந்தப் ‘பகுதிநேரம்’ நடைமுறையில் எப்படி அமைந்தது என்பதைத் தமிழ்நாடு அறியும். 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த செய்திகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. வாரத்துக்கு மூன்று அரை நாள் வருகிற ஒருவர் அணிவகுப்பும் பழக்கி, டிராக்கும் போட்டு, பெயர்ப் பட்டியலும் எழுதி, சான்றிதழும் நிரப்ப வேண்டியிருக்கிறது. அரசு நிரந்தர ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. அது நடக்கும்வரை பிள்ளைகளின் வயது காத்திருக்காது.

மைதானத்தில் இறங்கும் இருபது பேருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். டிராக் போடுவதிலிருந்தே தொடங்கலாம். அது வெறும் கோடு கிழிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் உடன் நின்று பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் 400 மீட்டர் டிராக்குக்கு இடம் இருக்காது. ஆறு பாதை கொண்ட 200 மீட்டர் டிராக்குக்கு ஏறத்தாழ 93 மீட்டர் நீளமும் 53 மீட்டர் அகலமும் போதும். ஒன்றேகால் ஏக்கர். முதலில் நெருஞ்சி முள்ளும் கண்ணாடிச் சில்லும் பொறுக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலில்தான் ஓடுவார்கள். பிறகு மைதானத்தின் நடுக்கோடு. அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. செங்குத்தை எப்படிப் பிடிப்பது? கயிற்றில் 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டரில் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலையில் 90 டிகிரி வந்து நிற்கும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பிதாகரஸ் தேற்றம் அங்கே மண்ணில் கிடக்கிறது.

நேர்ப்பாதை பக்கத்துக்கு 40 மீட்டர் வைத்தால் இரண்டும் சேர்ந்து 80 மீட்டர். மீதி 120 மீட்டர் இரண்டு வளைவுகளில் வர வேண்டும். 120-ஐ 2π-ஆல் வகுத்தால் ஆரம் 19.10 மீட்டர். ஓடுகிறவர் கோட்டின் மீதே ஓடுவதில்லை, சற்றுத் தள்ளி ஓடுகிறார். உள்விளிம்பில் கட்டை எதுவும் இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தால் அந்தத் தள்ளலை 20 செ.மீ. என்று கணக்கில் கொள்வார்கள். ஆகவே வளைவின் மையத்தில் அடித்த முளையில் கட்டிய கயிற்றின் நீளம் 18.90 மீட்டர். ஒருவர் முளையை அசையாமல் பிடித்துக்கொள்ள, ஒருவர் கயிற்றை விறைப்பாக இழுத்து அரைவட்டமாக நடக்க, பின்னால் ஒருவர் சுண்ணாம்பு தூவிக்கொண்டே வருவார். கயிறு கொஞ்சம் தொய்ந்தாலும் வட்டம் கோணிவிடும். அதனால்தான் தனி ஆளால் டிராக் போட முடியாது.

ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். வெளிப்பாதையில் ஓடுகிறவருக்கு வளைவில் தூரம் கூடும் என்பதால் அவரை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு? 2π-ஐ 1.22-ஆல் பெருக்கினால் 7.67 மீட்டர். இரண்டாம் பாதைக்கு 7.67, மூன்றாம் பாதைக்கு 15.33 என்று கூடிக்கொண்டே போகும். டிராக் சிறியதோ பெரியதோ, இந்த அளவு மாறாது; வட்டத்தின் ஆரம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இதைக் கரும்பலகையில் சொன்னால் நம்பாத பிள்ளை, டேப்பைப் பிடித்து அளந்து பார்த்தால் நம்பும். பி.டி. பீரியடைக் கடன் கேட்கும் கணக்கு ஆசிரியர், டிராக் போடுகிற காலையில் தன் வகுப்பை மைதானத்துக்கு அழைத்து வந்தால் இருவருக்குமே லாபம்.

சுண்ணாம்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். நீர் தெளித்துப் பூத்த சுண்ணாம்பும் கண்ணைப் பாதிக்கும் என்பதால், பாதுகாப்பான வேறு வெள்ளைப் பொடியைத்தான் பயன்படுத்த வேண்டும். தூவும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் தரக்கூடாது.

அடுத்தது நேரம் எடுப்பது. துப்பாக்கி இல்லாத பள்ளிகளில் இரண்டு பலகைகளைக் கீலால் இணைத்த கிளாப்பர்தான் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிறது. 100 மீட்டர் தள்ளி முடிவுக் கோட்டில் நிற்பவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினால் தப்பு. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.3 வினாடி ஆகிறது. 12.6 வினாடியில் ஓடியவருக்கு 12.3 என்று எழுதிவிடுவார்கள். பலகைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். முதலில் வருபவருக்கு மூன்று பேர் நேரம் எடுத்து, மூன்றும் வெவ்வேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வதும், கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு உயர்த்தி எழுதுவதும் உலகத் தடகள விதி. 12.31, 12.34, 12.45 என்று மூன்று கடிகாரம் காட்டினால் எழுத வேண்டியது 12.4. நீளம் தாண்டுதலில் மணலில் பதிந்த தடங்களில் பலகைக்கு மிக அருகில் உள்ளதிலிருந்து, தாண்டுகோட்டுக்குச் செங்குத்தாக டேப் பிடிக்க வேண்டும். காலைத்தான் அளக்க வேண்டும் என்பதில்லை. பின்னால் ஊன்றிய கையின் தடமும் தடம்தான். குண்டு எறிதலின் பரப்பைக் குறிக்கக் கோணமானி தேவையில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு கோடுகளிலும் 10 மீட்டர் போனால், அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடைவெளி சரியாக 6 மீட்டர் இருக்க வேண்டும். 34.92 டிகிரி தானாக வந்துவிடும்.

இவற்றில் எதுவும் ஓர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத விஷயம் இல்லை. ஜப்பானியப் பள்ளிகளின் ‘உண்டோகாய்’ என்னும் விளையாட்டு விழாவில் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே பொருள்களை எடுத்து வைப்பது, அறிவிப்புச் செய்வது, புள்ளி எழுதுவது, சின்னவர்களை வரிசையில் நிறுத்துவது என்று பொறுப்பேற்கிறார்கள். பள்ளி முழுவதும் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு அணியாகப் பிரிகிறது. கம்பத்தின் உச்சியில் கூடையைக் கட்டிவைத்து, துணிப் பந்துகளை அள்ளி எறிந்து நிரப்பும் ஆட்டத்தில் ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் இறங்குகிறது. முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு பந்தாக வெளியே எறிந்து உரக்க எண்ணுகிறார்கள். நம் தொடக்கப் பள்ளிகளில் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்துக்கும் தவளை ஓட்டத்துக்கும் பக்கத்தில் இப்படி ஒன்றை வைக்கச் செலவே இல்லை. பழந்துணியில் பந்து, ஒரு பிளாஸ்டிக் கூடை, ஒரு மூங்கில்.

அதே ஜப்பானில் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி நிற்கும் மனித பிரமிடு அங்கே விழாவின் பெருமையாக இருந்தது. அடுக்குகள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தன. 2015 செப்டம்பரில் ஒசாகா மாகாணத்தின் யாவோ நகரில் ஒரு பள்ளியில் பத்து அடுக்குப் பிரமிடு பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து, ஒரு மாணவரின் கை முறிந்தது, மேலும் சிலர் காயமடைந்தார்கள். இத்தகைய பயிற்சிகளில் ஆண்டுக்கு 8,000-க்கும் மேற்பட்ட காயங்கள் பதிவாகி வந்தது அப்போது பெரிய விவாதமானது. 2016-இல் ஒசாகா நகரக் கல்வி வாரியம் பிரமிடுகளுக்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டுப் பள்ளி விழாக்களில் பிரமிடு இன்னும் கைதட்டல் வாங்குகிறது. கீழடுக்கில் முட்டி போட்டிருக்கும் பிள்ளையின் முதுகில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று அந்தக் கைதட்டலுக்கு இடையில் யாரும் கேட்பதில்லை. மெத்தை விரிக்காத சிமென்ட் தரையில் அதை நடத்துவதை இந்த ஆண்டே நிறுத்த வேண்டும்.

பிள்ளைகளிடம் வேலையைக் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நினைவில் வைத்திருக்க ஒரு சம்பவம் போதும். 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலா நகரில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டி எறிதலும் சங்கிலிக் குண்டு எறிதலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே சமயத்தில் நடத்தப்பட்டன. எறிந்த ஈட்டியை எடுத்துவரப் போன 16 வயது மாணவர், மறுபக்கத்திலிருந்து வந்த இரும்புக் குண்டு தலையில் தாக்கிச் சில வாரங்களில் இறந்துபோனார். அவர் போட்டியாளர் அல்லர். உதவிக்கு வந்த தொண்டர். எறிகிற போட்டி எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். எறிந்த பொருளை எடுக்கப் போவதும், கொடி அசைத்து அடுத்தவரை எறியவிடுவதும் பெரியவர் ஒருவரின் பொறுப்பு. மணற்குழியைக் கிளறும் பல்மண்வெட்டியை வேலை முடிந்ததும் பல் மேல்நோக்கி இருக்கும்படி போட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதுகூட யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய விஷயம். பெற்றோரும் முன்னாள் மாணவரும் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு இவையே காரணம்.

வெயிலும் அப்படித்தான். 2024 மார்ச்சில் இலங்கையின் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பள்ளி மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவர் ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்தார். ஊரே வீதிக்கு வந்தது. நெடுந்தூர ஓட்டங்களை விடிகாலையில் முடித்துவிட வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இருப்பவர்கள் யார் என்ற பட்டியல் பெற்றோரிடம் கேட்டு எழுதப்பட்டு வகுப்பாசிரியர் கையில் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பானையும் உப்பு சர்க்கரைக் கரைசலும் மேடைக்குப் பின்னால் அல்ல, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் விழா அவருக்காகக் காத்திருக்கக் கூடாது. அணிவகுப்புச் சீருடையில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்ற பிள்ளை அதன்பிறகு ஓடுவது ஆபத்து. விருந்தினர் வந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் போட்டியைப் பார்க்கட்டும். பரிசளிப்பு மாலையில் இருக்கட்டும்.

கயிறு இழுக்கும் போட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் பருமனால் எந்த ஓட்டத்திலும் பின்தங்கும் பிள்ளை, தன் அணிக்கே தூணாக நிற்கும் ஒரே போட்டி அது. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்தது. ஆனால் கிடைத்த நைலான் கயிற்றைக் கொண்டு, பக்கத்துக்கு ஐம்பது பேரை நிறுத்தி இழுக்கவிடுவது பயங்கரம். 1997 அக்டோபரில் தைபேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுத்த நைலான் கயிறு அறுந்ததில் இருவரின் கை துண்டானது. அணிக்கு எட்டுப் பேர், கைக்கு அடங்கும் பருமனுள்ள நல்ல வடம், யாரும் கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் பயமில்லை.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு விழாவில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு நாற்காலி. ‘நீ உட்கார்ந்து பார்’ என்று சொல்வதில் அக்கறை இருக்கலாம். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டிலும் பிறருக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டிய கடமையைக் கல்வி நிறுவனங்கள்மேல் வைக்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் சிதைந்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்ட ஊக்கப்படுத்தினார். 14 வயதில், குறைபாடு ஏதும் இல்லாதவர்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்த ஆசிரியரும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. பார்வை குறைந்த பிள்ளையின் கையோடு கயிறு கட்டி உடன் ஓட ஒரு தோழி, சக்கர நாற்காலியில் உள்ளவருக்கு உட்கார்ந்தபடி குண்டு எறிய ஓர் இடம், காது கேளாதவருக்குச் சத்தத்துக்குப் பதில் கொடி. இதற்கெல்லாம் தேவைப்படுவது கூடுதலாக ஓர் ஆள், அவ்வளவுதான்.

வளர்ந்த பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குமேல் ஓட்டத்திலிருந்து விலகுவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடை மாற்ற அறை இருக்காது, கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, கயிற்றுக்கு வெளியே நின்று கேலி பேசுபவர்களைக் கண்டிக்க ஆள் இருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் நான்கு பேர் விழா நாளில் முடிவுக் கோட்டில் நின்றாலே நிலைமை பாதி மாறும்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ‘இல்ல மெய்வல்லுநர் போட்டி’ என்றால் ஊர்த் திருவிழா போலத்தான். பள்ளி நிறுவியவர்கள், பழைய அதிபர்கள் பெயரில் இல்லங்கள், இல்லத்துக்கு ஒரு நிறம். தகுதிச் சுற்றுகளும் எறிதல், தாண்டுதல் போட்டிகளும் பல நாள் முன்பே நடந்துவிடும். இறுதி நாளில் அணிநடை, அஞ்சலோட்டம், இல்ல அலங்காரம், வினோத உடை, பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் ஓட்டம். முதலிடம் வராத பிள்ளையும் ஒரு புள்ளி சேர்த்தால் அது இல்லத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதால் நான்காவதாக வருபவரையும் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துகிறார்கள். அலங்காரத்துக்குச் செலவு கூடிப்போகிறது என்ற குறை அங்கும் பேசப்படுகிறது. அது நியாயமான குறைதான். ஆனால் தகுதிச் சுற்றை வாரக்கணக்கில் பரப்பி நடத்தும் முறையைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பிள்ளைகளையும் ஓடவிட்டால் யார் கண்ணில் யார் படுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டியின் கூலி வேலையில் வளர்ந்த ரேவதி வீரமணி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வட்டார அளவிலான போட்டியில் வெறுங்காலில் ஓடினார். அங்கேதான் பயிற்சியாளர் கண்ணனின் பார்வை அவர்மேல் விழுந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்பு 4×400 மீட்டர் தொடர் ஓட்ட அணியில் ரேவதி இருந்தார். அவரைக் கண்டுகொள்ளப் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆனது. ஆறாம் வகுப்பிலேயே ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

இங்கேதான் நாட்காட்டி குறுக்கே நிற்கிறது. பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிகள் கல்வியாண்டின் முதல் பாதியிலேயே வந்துவிடுகின்றன. அங்கிருந்து மாவட்டம், பிறகு மாநிலம். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். ஆனால் பல பள்ளிகளில் விளையாட்டு விழா நடப்பது ஜனவரி, பிப்ரவரியில், ஆண்டு விழாவோடு ஒட்டி. பிப்ரவரியில் கண்டெடுத்த 13 வயதுப் பிள்ளை அடுத்த குறுவட்டம் வருவதற்குள் 14-ஐத் தாண்டிவிடலாம், மூத்தவர்களோடு மோத வேண்டிவரலாம், விழாவில் ஓடிய நேரத்தை யாரும் எழுதி வைக்காததால் பெயரே மறந்துபோகலாம். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணம் வீட்டில் இருக்கும். 200 மீட்டரை எத்தனை வினாடியில் ஓடினார் என்ற விவரம் எங்கும் இருக்காது.

மேடை விழா பிப்ரவரியிலேயே இருக்கட்டும். வகுப்பு ஹீட்ஸை ஜூலைக்குக் கொண்டுவரலாம். ஜூன் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இருபது பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும்: முளை பிடிக்க, டேப் பிடிக்க, நேரம் எடுக்க, தண்ணீர் கொடுக்க, கொடி அசைக்க. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று, வகுப்புக்கு இரண்டு பக்கம்: பெயர், பிறந்த தேதி, ஓடிய தூரம், நேரம், எடுத்தவர் கையெழுத்து. பழைய நோட்டு தலைமை ஆசிரியர் அறையில் இருந்தால் சென்ற ஆண்டு 9.8 வினாடியில் 60 மீட்டர் ஓடிய ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்த ஆண்டு 9.3-க்கு வந்திருக்கிறதா என்று அந்தப் பிள்ளையே வந்து பார்த்துக்கொள்ளும். ஜூலை முதல் வாரத்தில் தொடங்கினால், குறுவட்டத்துக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நாளுக்குள் பள்ளியின் கடைசிப் பிள்ளையின் நேரமும் அதில் ஏறியிருக்கும்.